எலியின் இடது

பதினைந்து நிமிடம். டைமரை அழுத்தியாயிற்று. அலுமினியத் தாளில் சுற்றிய தட்டு மேசைமேல் பிரியாணிப் பொட்டலம் மாதிரி கிடக்கிறது, உள்ளே தொண்ணூற்றாறு சின்னக் குழிகள், குழிக்குக் கொஞ்சம் எலி ரத்தத்தின் தெளிநீர், அதன்மேல் கடைசியாக நான் விட்ட நிறமில்லாத திரவம். வெளிச்சம் படக்கூடாது. அந்த இருட்டுக்குள் எந்தக் குழியில் அழற்சிப் புரதம் நிறைய இருக்கிறதோ அது நீலமாகும், இல்லாதது வெளுத்தே நிற்கும், அவ்வளவுதான் விஷயம், பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பார்த்துச் சொல்லிவிடும். மூன்றாவது, நான்காவது வரிசை இடது காதில் வெட்டு உள்ள எலிகள், மருந்து குடித்தவை. ஐந்தாவது, ஆறாவது வரிசை வலது காதில் வெட்டு உள்ளவை, மருந்தில்லாத வெறும் கரைசல் குடித்தவை. இடது வெளுத்திருக்க வேண்டும், வலது நீலமாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் வெள்ளிக்கிழமை ஆய்வேட்டின் சுருக்கத்தைப் படிக்கிற சினாப்சிஸ் கூட்டம், அடுத்த வருஷம் நான் டாக்டர் குணவதி. மாறி இருந்தால். மாறி இருந்தால் என்பதற்கு அப்புறம் வாக்கியம் வரமாட்டேன் என்கிறது, காலையிலிருந்து இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது, ஏணியில் ஏறும்போது கடைசிப் படி இல்லாதது மாதிரி காலைத் தூக்கிவிட்டுக் கீழே வைக்க இடம் தெரியாமல். கையுறைக்குள் விரல்கள் ஊறிப்போய்விட்டன. ஒன்றுக்குப் போக வேண்டும் போலிருக்கிறது, இரண்டு முறை போய்வந்தாயிற்று, ஒன்றும் இல்லை, வெறும் பயம். பதினாலு நிமிடம் பத்து விநாடி.

காலையில் ஏழரைக்கு வந்தபோது இதெல்லாம் இல்லை. வரும் வழியில் ஆட்டோக்காரனிடம் சண்டைகூடப் போட்டேன், அந்த அளவுக்கு நன்றாக இருந்தேன். உறைபெட்டியிலிருந்து குழாய்களை எடுத்துப் பனிக்கட்டியில் வைத்து, உருக உருக ஒவ்வொன்றின் எண்ணையும் கால்நடை டாக்டரின் தாளோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டாம் நாள் எலிகளிடம் ரத்தம் எடுத்தவர் அவர்தான். பெட்டிக்கு நாலு எலி, ஆறு பெட்டி. காது வெட்டாதது ஆரோக்கிய எலி, மற்றதெல்லாம் ஊசி போட்டுப் பாதத்தில் மூட்டுவாதம் வரவழைத்த எலிகள், அதில் இடது காது வெட்டியது நம் மருந்து, வலது காது வெட்டியது வெறும் கரைசல், இரண்டு காதும் வெட்டியது கடையில் கிடைக்கிற பழைய மருந்து. நாலு வகையும் ஒரே பெட்டியில் கலந்து இருக்க வேண்டும், அப்போதுதான் பெட்டிக்குப் பெட்டி வரும் வித்தியாசம் கணக்கைக் கெடுக்காது என்று என் வழிகாட்டி உமையாள் மேடம் சொன்னார், சரியாகத்தான் சொன்னார். டாக்டரின் தாளில் ஒரு எலி வரைந்திருந்தது. மேலேயிருந்து பார்த்த எலி, மூக்கு தாளின் உச்சியில், வால் கீழே. ஒரு காதுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘விலங்கின் இடது’ என்று அச்சடித்திருந்தது. இந்தத் தாளை நான் இதற்கு முன் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். இன்று என்னவோ விலங்கின் என்ற சொல்லில் கண் மாட்டிக்கொண்டது. விலங்கின் இடது. அப்புறம் வேறு யாருடைய இடது இருக்கும் என்று சிரிப்புக்கூட வந்தது. சிரித்துக்கொண்டே தாளை என் பக்கம் திருப்பினேன், மூக்கு என் வயிற்றைப் பார்க்கிற மாதிரி, ஏனென்றால் நான் எலியை அப்படித்தானே பிடிப்பேன், துண்டில் சுற்றி, முகம் என்னைப் பார்க்க, வாய்க்குள் ஊசிமுனைக் குழாயை விட வசதியாக. திருப்பிய தாளில் அந்த இடது காது என் வலது கைப்பக்கம் வந்து நின்றது. சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

இல்லை, நான் பார்த்துத்தான் எழுதியிருப்பேன். எலியின் இடது என்று எனக்குத் தெரியாதா. ஐந்து வருஷம். முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம். தெரியும்தான், ஆனால் தெரிவது வேறு, இருபத்திநாலு எலியைக் காலை ஒன்பதுக்குள் முடிக்க வேண்டும் என்று வேர்க்க வேர்க்கப் பிடிக்கும்போது கை செய்வது வேறு. எங்கள் விலங்குக் கூடத்து வழக்கம் என்ன, பிடிப்பவர் சொல்வார், மற்றவர் எழுதுவார். பிடிப்பவர் ஞானமுத்து அண்ணன். அவர் எலியின் வாலடியைப் பிடித்துக் கம்பி மூடிமேல் விடுவார், எலி தப்பிக்கப் பார்த்து முன்னால் இழுக்கும், மூக்கு அந்தப் பக்கம், வால் இந்தப் பக்கம், அவருடைய இடது எலியின் இடது, அதில் தப்பு வரவே வழியில்லை. இடதூ என்று இழுத்துச் சொல்வார், ஏலம் விடுகிற மாதிரி. வலதூ. ரெண்டூ. சும்மா. காது வெட்டாத எலிக்கு அவர் வைத்த பெயர் சும்மா. முதல் பதினாலு நாள் அப்படித்தான் போயிற்று. பதினாலாம் நாள் நான் அவரைத் துரத்திவிட்டேன். எதற்கு? வீங்கின பாதத்தை அவர் அமுக்கிப் பிடிக்கிறார், அதனால்தான் அளவு கூடிக் குறைகிறது என்று எனக்கு ஒரு சந்தேகம். மெதுவாகக்கூடச் சொல்லியிருக்கலாம். எனக்கு மெதுவாக வராது. ‘என்னண்ணே எலியைப் பிடிக்கிறீங்களா, மாட்டுக்கு லாடம் அடிக்கிறீங்களா?’ என்றேன். ‘இருபத்திரண்டு வருசமாப் பிடிக்கிறேன்மா’ என்றார். ‘அப்ப இருபத்திரண்டு வருசமாத் தப்பாப் பிடிக்கிறீங்க’ என்றேன். கூடத்தில் இன்னும் இரண்டு ஆய்வு மாணவர்கள் இருந்தார்கள், ஒருவன் சிரித்தான். ஞானமுத்து அண்ணன் கையில் இருந்த எலியைப் பெட்டிக்குள் விட்டார், மூடியைப் போட்டார், கையைக் கழுவினார், சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும், அவசரமே இல்லாமல். துண்டை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து நானே பிடித்தேன், நானே சொன்னேன், நானே எழுதினேன். பதினைந்தாம் நாள்.

பன்னிரண்டு நிமிடம். பக்கத்து அறையில் மேடம் போனில் பேசுகிறார், பலகைத் தடுப்புத்தான், எல்லாம் கேட்கிறது. ‘ஆமாமா, ரெண்டாம் அலைதான், இன்னிக்கு ரத்தத்துலயும் வந்துரும், குணா பக்கத்து ரூம்ல போட்டுட்டிருக்கா’ என்கிறார். இரண்டாம் அலை. எங்கள் கண்டுபிடிப்பின் பெயர். பதினாலாம் நாள்வரை மருந்து குடித்த எலிகளின் பாதம் ஐந்து மில்லிமீட்டர், குடிக்காதது எட்டு. பதினைந்தாம் நாள் காலை மருந்து குடித்த எலிகளின் பாதம் எட்டு. ஒரே ராத்திரியில். நான் பாதம் அளக்கிற வெர்னியர் இடுக்கியைத் துடைத்துவிட்டுத் திரும்ப அளந்தேன், எட்டு. அதற்குப் பிறகு நாளுக்கு நாள் இறங்கி ஒரு வாரத்தில் ஐந்துக்கு வந்தது. பயந்துகொண்டே மேடத்திடம் கொண்டுபோனேன், அவர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், காபி ஆறி ஆடை படிந்துவிட்டது, அப்புறம் ‘குணா, இது புதுசு’ என்றார். மருந்து முதலில் அழற்சியை அடக்குகிறது, உடம்பு இரண்டாம் முறை சீறுகிறது, மருந்து அதையும் அடக்குகிறது, யாரும் இதுவரை இப்படிப் பார்த்ததில்லை. பார்த்திருக்க மாட்டார்கள்தான், எல்லோரும் எலியை ஒரே பக்கமாகப் பிடித்திருப்பார்கள். சரி, மருந்து குடிக்காத எலிகள் அதே பதினைந்தாம் நாள் எட்டிலிருந்து ஐந்துக்கு விழுந்து அப்புறம் மெல்லத் திரும்ப ஏறினவே, அது? அதற்கும் ஒரு வரி எழுதினோம். ‘இடையில் இயல்பான தணிவு காணப்பட்டது.’ அந்த ஒரு வரி எனக்கு எப்போதும் தொண்டையில் மீன்முள் மாதிரி உறுத்தும், படிக்கும்போதெல்லாம் வேகமாகத் தாண்டிவிடுவேன். இரண்டு கோடும் பதினைந்தாம் நாளில் ஒன்றையொன்று வெட்டிப் போகும், கத்திரிக்கோல் மாதிரி. இரண்டு காதும் வெட்டிய எலிகளின் கோடு, சும்மாக்களின் கோடு, இரண்டும் ஒரு அசங்கலும் இல்லாமல் நேராகப் போகும். போகாதா பின்னே, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இரண்டு காது இரண்டு காதுதானே, சும்மா சும்மாதானே. மேடமும் நானும் அந்தக் கத்திரிக்கோலை எட்டு மாதம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், ஒருவர்கூட வாய்திறந்து கத்திரிக்கோல் என்று சொல்லவில்லை. ஹைதராபாத் கருத்தரங்கில் மேடம் அதைத் திரையில் காட்டியபோது கைதட்டினார்கள். கட்டுரையை ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினோம், அங்கே மதிப்பீடு செய்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், ரத்தத்திலும் இதைக் காட்ட முடியுமா? அதற்குத்தான் இந்தத் தட்டு.

ஒன்பது வருஷம் ஆய்வகம் ஆய்வகமாகப் பை தூக்கி அலைந்தவள் நான். குடுவை, கையுறை, ஆசிட், வடிதாள், எது கேட்டாலும் விற்பேன். எம்.எஸ்சி. படித்தவள் என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் மாட்டார்கள், ‘கேட்டலாக்கை வச்சுட்டுப் போம்மா’ என்பார்கள், தலை நிமிராமல். வாசலில் நின்று நின்று ஒருநாள் முடிவு செய்தேன், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டும். முப்பத்திரண்டு வயதில் நுழைவுத் தேர்வு எழுதினேன், நேர்முகத்தில் ஒருத்தர் இந்த வயசுல எதுக்கும்மா என்றார், உங்க வயசுல நீங்க வரலையா சார் என்றேன், மேடம் சிரித்துவிட்டார், அந்தச் சிரிப்பில்தான் எனக்கு இடம் கிடைத்தது. அவர் வைகாசியில் ஓய்வு பெறுகிறார். நான் அவருடைய கடைசி மாணவி. பேரம் பேசாமல் நான் எதையும் வாங்கினதில்லை, இந்தத் தட்டைக்கூட என் பழைய கம்பெனியில் பேசிப் பேசிப் பாதி விலைக்குத்தான் வாங்கினேன், அடுத்த மாதம் காலாவதி ஆகிற சரக்கு. ஆமாம், அதுதான். சரக்கு கெட்டுப்போயிருக்கலாம். கெட்ட சரக்கு என்றால் எல்லாம் தாறுமாறாக வரும், அப்போது யாரும் என்னை ஒன்றும் சொல்ல முடியாது, வேறு தட்டு வாங்கலாம், இரண்டு மாதம் ஓடிவிடும். கெட்டுப்போயிரு சாமி. இதோ பார், முழுசாக எனக்குச் சாதகமாக வேண்டாம், ஆறு எலியில் நாலு சரியாக வந்தால் போதும், இடது நாலு வெளுப்பு. நாலு முடியாதென்றால் மூன்று. மூன்று வந்தால் தெளிவில்லை என்று எழுதலாம், தெளிவில்லை என்பது ஒரு நல்ல சொல், அதற்குள் ஒரு குடும்பமே குடியிருக்கலாம். யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்? எதிரே யாரும் இல்லை. விலை சொல்ல ஆளில்லாத கடையில் நின்று தனியாகக் கத்திக்கொண்டிருக்கிறேன், உள்ளே இருக்கிற நீலம் ஏற்கெனவே ஏற வேண்டிய இடத்தில் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

எட்டு நிமிடம். முகம் சுடுகிறது, கழுத்து சுடுகிறது, சிவந்துமிருக்கும், கண்ணாடி இல்லை. சூடு, சிவப்பு, வீக்கம், வலி, அப்புறம் அந்த இடம் தன் வேலையைச் செய்யாமல் நின்றுபோவது, இதுதான் அழற்சி, முதல் வருஷப் புத்தகத்தின் முதல் பக்கம். எதிரி யாரும் வராமலேயே எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து உடம்பு தன் வீட்டுக்கே தீ வைக்கும், மூட்டுக்குள் இருக்கிற வழுவழுப்பெல்லாம் கரைந்து எலும்பு எலும்போடு உரசும். பெரியாஸ்பத்திரியில் ரத்தம் சேகரிக்கப் போனபோது ஒருவர் வந்தார், புரோட்டா மாஸ்டர், காசிமாயன் என்று பெயர், மணிக்கட்டு இரண்டும் எலுமிச்சை மாதிரி வீங்கி. காலையில் விரலை விரிக்க ஒரு மணி நேரம் ஆகிறது, மாவை வீச முடியவில்லை, இப்போது கல்லாப் பக்கம் தண்ணீர் எடுத்து வைக்கிற வேலை என்றார். ‘டாக்டரம்மா, உங்க மருந்து எப்ப வரும்?’ ‘நான் டாக்டர் இல்லண்ணே, எலிக்கு வைத்தியம் பாக்கிறவ.’ ‘சரி, எலிக்கு நல்லாயிருச்சா?’ ‘நல்லாயிருச்சு.’ ‘அப்ப நமக்கும் ஆயிரும். எத்தனை வருசம்?’ ‘அஞ்சாறு வருசமாவது ஆகும்ண்ணே.’ ‘ரெண்டுன்னு சொல்லுங்க, மனசுக்கு ஒரு தெம்பா இருக்கும்ல.’ ரெண்டு என்று சொல்லிவிட்டேன். பேரத்தில் நான் தோற்ற ஒரே ஆள். எலிக்கு நல்லாயிருச்சு. எந்த எலிக்கு? முதல் பதினாலு நாள் மருந்து குடித்த எலிக்கா, கடைசி ஏழு நாள் நான் ஆள் மாற்றிக் கொடுத்த எலிக்கா? அப்படி மாறியிருந்தால் கடைசி வாரம் வலது காது எலிகள்தான் மருந்து குடித்திருக்கும், இருபத்திரண்டாம் நாள் ரத்தத்தில் அவைதான் தணிந்திருக்கும், இடது காது எலிகள் மருந்து நின்றுபோய்த் திரும்ப எரிந்துகொண்டிருக்கும். கால்நடை டாக்டர் ரத்தம் எடுத்தது சரியான காது பார்த்து. என் நோட்டுப் பொய் சொன்னாலும் குழாய் பொய் சொல்லாது. அதனால்தான் தட்டை நினைத்தால் பயமாக இருக்கிறது.

ஆனால் மறுநாள் அவர் வந்தாரே. பதினைந்தாம் நாள் காலையோ பதினாறாம் நாளோ, நான் துண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், முதல் நாளே ஒரு எலி கட்டைவிரலைக் கடித்துவிட்டது. ஞானமுத்து அண்ணன் வாசல்படிக்கு வெளியே நின்றார். ஏதோ சொன்னார். என்ன சொன்னார்? காலையிலிருந்து இதைத்தான் தோண்டிக்கொண்டிருக்கிறேன், அவர் வாய் அசைவது தெரிகிறது, மேலே ஓடுகிற காற்றாடியின் சத்தம் தெரிகிறது, என் குரல் நன்றாகவே தெரிகிறது, ‘உங்க வேலையப் போய்ப் பாருங்கண்ணே’, அதுமட்டும் ஒரு எழுத்துக் குறையாமல் ஞாபகம் இருக்கிறது. மனிதர்களுக்குத் தாங்கள் பேசினது மட்டும் எப்படித்தான் இவ்வளவு நன்றாக நினைவிருக்கிறதோ. அவர் போகாமல் நின்றார். கையைத் தூக்கினார். எதற்குத் தூக்கினார்? நான் அதை, உங்கிட்ட என்னத்தச் சொல்ல என்கிற மாதிரி சலித்துக்கொள்கிறார் என்று எடுத்துக்கொண்டேன், எரிச்சல் இன்னும் ஏறியது. உள்ளங்கையைக் கீழ்நோக்கி நீட்டினார், விரல்கள் என்னைப் பார்த்து. அப்புறம் மணிக்கட்டோடு மெதுவாகச் சுற்றினார். விரல்கள் அவர் பக்கம் வந்தன. திரும்ப என் பக்கம். இரண்டு தடவை செய்தார். சலிப்புக்கு யாராவது அப்படிச் செய்வார்களா. எலி. அந்தக் கை எலி. விரல்கள் மூக்கு. திருப்பிப் பிடி என்று சொல்லியிருக்கிறார். முந்தின நாள் அத்தனை பேர் முன்னால் இருபத்திரண்டு வருஷமும் தப்பு என்று கேட்டுவிட்டு, மறுநாள் வந்து வாசலில் நின்று எனக்காகக் கையால் எலி காட்டியிருக்கிறார். நான் முதுகைத் திருப்பிக்கொண்டேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்கிறேன். இப்போது நினைவு வந்ததா, அல்லது பயத்தில் நானே செய்துகொண்ட நினைவா? பயம் எதையும் செய்யும். கூப்பிட்டுக் கேட்கலாம், நாலு மாடி கீழேதான் இருக்கிறார். கேட்டால் அவர் சொல்லிவிடுவார்.

மூன்று நிமிடம். பென்சில். எந்த வரிசையில் எந்த எலி என்று நான் எழுதிவைத்த தாள் பென்சிலால்தான் எழுதியிருக்கிறது, அழிரப்பர் கையெட்டும் தூரத்தில். மூன்று நான்கு என்பதை ஐந்து ஆறு என்று மாற்ற எவ்வளவு நேரம் ஆகும், மூச்சு ஒருமுறை இழுத்து விடுகிற நேரம். இடது வெளுத்துவிடும், வலது நீலமாகிவிடும், இரண்டாம் அலை ரத்தத்திலும் அடித்துவிடும், மேடம் மாலை போட்டுக்கொண்டு ஓய்வு பெறுவார், கட்டுரை வரும். அப்புறம் எங்கோ யாரோ ஒரு பொறுமைசாலி தன் எலிகளைப் பதினைந்தாம் நாள்வரை வளர்த்து இரண்டாம் அலைக்குக் காத்திருப்பான். வராது. நாம்தான் ஏதோ தப்புச் செய்கிறோம் என்று நினைப்பான், இன்னும் இருபத்திநாலு எலி, இன்னும் இருபத்திநாலு. நானே அழிரப்பரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது, ஒரு தெரியாத ஆள் என் நாற்காலியில் உட்கார்ந்து என் கண்ணால் பார்ப்பது மாதிரி. நான் எடுக்கவில்லை. எடுக்க மாட்டேன் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அலுமினியத் தாளின் ஒரு ஓரம் லேசாகத் தூக்கியிருக்கிறது, குனிந்தால் ஒரு குழியாவது தெரியும், குனியவில்லை, ஒரு நிமிடம் நாற்பது, குனிந்தால் என்ன, ஒரு நிமிடம், பல்லைக் கடித்துக்கொண்டு டைமரையே பார்க்கிறேன், எண்கள் சிறுத்துச் சிறுத்து, முப்பது, இருபது, யாரோ என்னைக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி.

மணி அடித்தது. தாளைப் பிரித்தேன். முதல் இரண்டு வரிசை, தட்டோடு வந்த அளவுகோல் கரைசல்கள், அடர்நீலத்தில் ஆரம்பித்துப் படிப்படியாக வெளுத்து, படிக்கட்டு மாதிரி ஒரு பிசிறில்லாமல். சரக்கு கெட்டுப்போகவில்லை. மூன்றாவது, நான்காவது வரிசை நீலம். ஆறு எலியும். மயில் கழுத்து நீலம். ஐந்தாவது, ஆறாவது வரிசை வெளுப்பு, பூந்தொட்டியில் தேங்கின மழைத்தண்ணி மாதிரி, ஆறு எலியும், ஒன்றுகூட எனக்காக விட்டுக்கொடுக்கவில்லை. விசித்திரம், மருந்து வேலை செய்கிறது. ஏழே நாளில் இந்த அளவு. அது தனி விஷயம், அதை நிரூபிக்க முதல் எலியிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும், மறுபடி அனுமதி, மறுபடி இருபத்திநாலு, என் உதவித்தொகை பங்குனியோடு நிற்கிறது, மேடத்துக்கு இன்னும் மூன்று மாதம். கை அதுபாட்டுக்கு ஆசிட்டை எடுத்தது, குழி குழியாக விட்டது, நீலமெல்லாம் மஞ்சளாகி அப்படியே உறைந்து நின்றது, இனி ஏறாது, இறங்காது. கருவியில் வைத்தேன். எண்கள் வந்தன. கண் பார்த்ததைத்தான் எண்ணும் சொன்னது. அச்செடுத்தேன். பென்சில் தாளை அதோடு சேர்த்து ஊக்கினால் குத்தினேன், விரலிலும் கொஞ்சம் குத்திக்கொண்டேன்.

‘குணா, ஆச்சா?’ தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து மேடம். ‘ஆச்சு மேடம்.’ ‘எப்படி வந்திருக்கு?’ எழுந்து போனேன். மேடம் வெள்ளிக்கிழமைக்கான அழைப்பு அட்டைகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார், அழகான கையெழுத்து. தட்டையும் தாளையும் அவர் முன்னால் வைத்தேன். பார்த்தார். ‘வரிசையை மாத்திப் போட்டுட்டியா?’ என்றார், அதட்டல் இல்லாமல், சட்டையில் ஒரு பொத்தான் மாறியிருப்பதைச் சொல்கிற மாதிரி. ‘வரிசை சரிதான் மேடம். எலிதான் மாறிப்போச்சு. பதினஞ்சாம் நாள்லேர்ந்து மூஞ்சி என் பக்கம் இருக்கிற மாதிரி பிடிச்சிருக்கேன். இடதுன்னு எழுதினதெல்லாம் வலது. அலை எதுவும் இல்ல மேடம். நான்தான்.’ மேடம் கண்ணாடியைக் கழற்றினார். அச்சுத்தாளை எடுத்தார், வரைபடம் இருந்த கோப்பை எடுத்தார், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பதினைந்தாம் நாளில் விரலை வைத்தார். அந்த விரல் அங்கேயே இருந்தது. ‘கத்திரிக்கோல்’ என்றார், தனக்குள் சொல்கிற மாதிரி. எனக்கு அழுகை முட்டியது, ஆக, அவருக்கும் தெரிந்துதான் இருக்கிறது, அவரும் தாண்டித் தாண்டித்தான் போயிருக்கிறார். ‘யார்கிட்டயாவது சொன்னியா?’ ‘இல்ல மேடம்.’ ‘ஞானமுத்துக்கு?’ ‘அவருக்கு அன்னிக்கே தெரியும்.’ வராந்தாவில் யாரோ டிராலி தள்ளிக்கொண்டு போனார்கள், பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு போகிற சத்தம் தேய்ந்து நின்றது. மேடம் ஒரு அழைப்பு அட்டையைக் கவிழ்த்து வைத்தார். ‘கதவைச் சாத்திட்டு வந்து உட்காரு குணா’ என்றார், ரொம்ப மென்மையாக, ஐந்து வருஷத்தில் இவ்வளவு மென்மையாக அவர் என்னிடம் பேசியதில்லை. கதவுக்குப் போனேன், கைப்பிடியைப் பிடித்தேன். ஒன்பது வருஷம் நூறு அறைகளில் பார்த்திருக்கிறேன், கதவு திறந்திருக்கும்வரை ஊருக்குச் சொல்கிற விலை, சாத்தின பிறகு வேறு விலை, சாத்தின அறையிலிருந்து நான் ஒருமுறைகூட சொன்ன விலையோடு வெளியே வந்ததில்லை, அதுதான் என் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். ஒருவேளை அழத்தான் சாத்தச் சொல்கிறாரோ. ஒருவேளை என்னைத் தேற்றத்தான். எதுவாக இருந்தாலும் சாத்தினால் நான் இறங்கிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். ‘திறந்தே இருக்கட்டும் மேடம்’ என்றேன். முதல் தடவை சத்தம் வெளியே வரவில்லை. இரண்டாம் தடவை வந்தது.